பயனும் பரிசும்: மைக் மார்ட்டினின் நாற்பது ஆண்டுகள்

ஒருவர் ஒரே தொழிலில் நாற்பது ஆண்டுகள் நிலைத்து நின்று, அத்தொழிலில் வேறெவரும் எட்டாத எண்ணிக்கையில் வெற்றிகளைக் குவித்து, அதன் தலையாய பரிசை மட்டும் ஒருமுறைகூடப் பெறாமல் மறைந்தால், அவருடைய உழைப்பு பயன்பட்டதா என்னும் கேள்வி எழுவது இயல்பு. எளியதாகத் தோன்றும் அக்கேள்விக்குள் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது: வினைக்கும் அதன் பேற்றுக்கும் இடையிலான உறவு முறையானதா, முறையானதென்றால் அம்முறையை வகுத்தது யார், முறையற்றதென்றால் மனிதன் எதை நம்பி உழைப்பது? நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஆராய்வதைவிட, ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் எண்ணிக்கையாகப் பதிவாகியிருக்கும் ஒரு வாழ்வை அருகில் வைத்து ஆராய்வது கூடுதல் தெளிவு தரும். அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பால் பயிற்சியாளர் மைக் மார்ட்டினின் வாழ்வு அத்தகையது.

மார்ட்டின் 1944 பிப்ரவரி 12 அன்று வட கரோலினா மாநிலத்தின் காஸ்டோனியா நகரில் பிறந்தார். விங்கேட் என்னும் சிறு கல்லூரியில் பயின்றபின் ஃப்ளோரிடா மாநிலத் தலைநகரான டாலஹாசியில் உள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1965-இல் அதன் அணியோடு கல்லூரி உலகத் தொடரிலும் ஆடினார். பட்டம் பெற்றபின் நியூயார்க் மெட்ஸ், டெட்ராய்ட் டைகர்ஸ் ஆகிய நிறுவனங்களின் மைனர் லீக் அணிகளில் மூன்று பருவங்கள் ஆடிய அவர், அதற்குமேல் ஏற வழியின்றி டாலஹாசிக்குத் திரும்பி ஆசிரியப் பணியிலும் பயிற்சிப் பணியிலும் ஈடுபட்டார். ஒரு கட்டத்தில் அவ்வூர்ச் சமுதாயக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குக்கூடப் பயிற்சியளித்தார். 1975-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்குத் துணைப் பயிற்சியாளரானார். 1979-இல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹவுசர் ஒரே ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியை நடத்தச் சென்றுவிட, 1980-இல் அப்பொறுப்பு மார்ட்டினிடம் வந்தது. 2019 வரை அவரே அதில் இருந்தார்.

மைனர் லீக் என்பது இங்கு விளக்கப்பட வேண்டிய சொல். அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறைப் பேஸ்பாலை மேஜர் லீக் என்கிறார்கள். அதற்குக் கீழே பல படிகளாக அமைந்து, இளம் வீரர்களைப் பழக்கி மேலே அனுப்பும் அணிகளின் தொகுப்பே மைனர் லீக். பிராஞ்ச் ரிக்கி என்பவர் 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக இதை ஒழுங்கான அமைப்பாக வளர்த்தபோது அதற்கு வழங்கிய பெயர் பண்ணை அமைப்பு என்பதாகும். பண்ணை என்ற சொல் பொருத்தமானதுதான். விதைப்பவற்றுள் பெரும்பகுதி கதிராவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே அங்கு விதைக்கிறார்கள். சிறுவயது முதல் ஊரிலேயே சிறந்த ஆட்டக்காரன் எனப் பெயரெடுத்த இளைஞன், நெடும் பேருந்துப் பயணங்களுக்கும் சொற்பச் சம்பளத்துக்கும் இடையே, தன்னைப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதை அங்குதான் முதன்முதலாகக் காண்கிறான். இருபத்தைந்து வயதை நெருங்கும்போது, இனி இடமில்லை என்ற செய்தி வருகிறது. அவனுக்குள் அழைப்பு என்று ஒலித்துக்கொண்டிருந்தது உண்மையில் அழைப்புத்தானா, வெறும் ஆசையா என்ற ஐயம் அந்த வேளையில் எழுமானால் அது விளையாட்டைப் பற்றிய ஐயமாக மட்டும் நின்றுவிடாது.

அழைப்பு என்னும் கருத்துக்குக் கிறிஸ்தவ மரபில் ஒரு வரலாறு உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் இறையழைத்தல் என்ற சொல் இன்றும் பெரும்பாலும் குருத்துவத்தையும் துறவற வாழ்வையுமே சுட்டுகிறது. இடைக்கால ஐரோப்பாவிலும் நிலைமை அதுவே. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அந்த வேலியை உடைத்தார். செருப்புத் தைப்பவரும் குழந்தையைக் குளிப்பாட்டும் தாயும் தத்தம் நிலையில் நின்று அயலாருக்குச் செய்யும் பணி, துறவியின் செபத்தைவிடக் கடவுள்முன் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பது அவர் போதனை. ஜெர்மானிய மொழியில் தொழிலைக் குறிக்கும் சொல்லுக்குள் அழைப்பு என்ற பொருள் புகுந்தது லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் எடுத்துக்காட்டினார்.

பேஸ்பாலின் வரலாற்றிலேயே இக்கருத்தின் இழுபறியைக் காணலாம். 1880-களில் சிகாகோ அணியில் புகழ்பெற்ற ஓட்டக்காரராக இருந்த பில்லி சண்டே, மனமாற்றத்துக்குப்பின் 1891-இல் ஆட்ட ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஊழியத்துக்குச் சென்று, தம் காலத்து அமெரிக்காவின் பேர்பெற்ற நற்செய்திப் பேச்சாளரானார். கடவுளுக்கு ஊழியம் செய்ய மைதானத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் வாழ்வு உணர்த்திய முடிவு. மெதடிஸ்ட் நம்பிக்கையில் ஊறிய பிராஞ்ச் ரிக்கி மைதானத்திலேயே இருந்தார், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் வாசலை மிதிக்க மறுத்தார். தாம் கிறிஸ்துவை நம்புகிறவர் என்பதைப் பொதுமேடைகளில் மறைக்காமல் பேசிய மைக் மார்ட்டினோ ஞாயிறன்றும் அணியைக் களமிறக்கினார். கல்லூரிப் போட்டிகள் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் தொடர்களாகவே பெரும்பாலும் நடக்கின்றன. லூத்தரின் போதனை முழுமையாக நிறைவேறுவது இந்த மூன்றாவது நிலையில்தான் என்று கொள்ளலாம், ஏனெனில் இங்கே புனித வேலைக்கும் உலக வேலைக்கும் இடையே எல்லைக்கோடு கிழிக்கப்படவில்லை. முதல் அழைப்பு பொய்த்துப்போனதாகத் தோன்றிய மைனர் லீக் ஆண்டுகளும் இக்கண்ணோட்டத்தில் வேறு பொருள் பெறுகின்றன: தாம் ஏறமுடியாத படியில் நின்று திரும்பியவருக்கே, அதே படியில் காலூன்றி நிற்கும் பத்தொன்பது வயது இளைஞனிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது தெரியும்.

மார்ட்டினின் நாற்பது பருவங்களின் கணக்கு இது: 2,029 வெற்றிகள், 736 தோல்விகள், 4 சமநிலை ஆட்டங்கள். அவர் அணி எந்தப் பருவத்திலும் நாற்பதுக்குக் குறைவான ஆட்டங்களை வென்றதில்லை. நாற்பது ஆண்டுகளும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறத் தவறியதில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் 1950 முதல் நடந்துவரும் கல்லூரி உலகத் தொடருக்கு, அதாவது நாட்டின் தலைசிறந்த எட்டுக் கல்லூரி அணிகள் மோதும் இறுதிக் கட்டத்துக்கு, அவர் தம் அணியைப் பதினேழு முறை அழைத்துச் சென்றார். பதினேழு முறையும் கோப்பையின்றித் திரும்பினார். 1986-இல் இறுதி ஆட்டத்தில் அரிசோனாவிடம் 10-2 என்ற கணக்கில் தோற்றார். 1999-இல் மயாமியிடம் 6-5 என்ற ஒரே ஓட்ட வேறுபாட்டில் தோற்றார்.

இந்த ஒரு ஓட்டத்தின்மேல் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது தகும். பேஸ்பாலில் பந்து மட்டையில் படும் இடம் ஒரு விரற்கடை மேலோ கீழோ மாறினால், வெளிக்களத்தில் விழ வேண்டிய அடி நேரே காப்பாளர் கையில் போய் உட்கார்ந்துவிடும். பத்து வாய்ப்புகளில் மூன்றில் தக்க அடியடித்து, ஏழில் வெறுங்கையோடு திரும்புபவர் இந்த ஆட்டத்தில் சிறந்த மட்டையாளராகப் போற்றப்படுகிறார். மேஜர் லீக்கின் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஒரு பருவம் முழுவதும் பத்துக்கு நான்கு என்ற விகிதத்தைக் கடைசியாகத் தாண்டியவர் டெட் வில்லியம்ஸ், அது 1941-இல். இவ்வளவு தற்செயல் கலந்த ஓர் ஆட்டத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் யார் சிறந்தவர் என்பது ஓரளவு வெளிப்படும். இரண்டு முறை தோற்றால் வெளியேற்றம் என்னும் விதியுடன் சில நாட்களில் முடியும் போட்டியில் அது வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1999-இல் முதல் தரவரிசை பெற்ற மயாமி கோப்பையை வென்றபின், முதல் தரவரிசை பெற்ற இன்னோர் அணி அதை வெல்ல 2024 வரை இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆக, மார்ட்டினின் குறை என்று சொல்லப்படுவது அவரிடம் இருந்த குறைதானா என்பதே ஐயத்துக்குரியது.

ஆனால் மனித மனம் தற்செயலை எளிதில் ஏற்பதில்லை. பெரிய ஆட்டங்களில் அவருக்குத் துணிவு போதவில்லை, முடிவெடுக்கும் வேளையில் தடுமாறினார் என்றெல்லாம் விமர்சகர்கள் காரணம் தேடினார்கள். பழைய ஏற்பாட்டின் யோபு நூலில் வரும் நண்பர்கள் செய்ததும் இதுவே. துன்பம் வந்திருக்கிறதென்றால் குற்றம் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களைத்தான். சீர்திருத்த மரபுக்குள்ளும் இதே பிழை வேறு வடிவில் நுழைந்தது. மீட்புப் பெறுவோர் இன்னார் என்று கடவுள் முன்னமே குறித்துவிட்டார் என்பது ஜான் கால்வினின் முன்குறிப்புக் கோட்பாடு. தாம் அவ்வாறு குறிக்கப்பட்டவர்தாமா என்று அறியத் துடித்த பிற்கால விசுவாசிகள், தொழிலில் கிட்டும் வெற்றியை அதற்கான அடையாளமாகக் கொள்ளத் தொடங்கினர் என்பது வேபரின் வாதம். கிரியைகளால் கிருபையை விலைக்கு வாங்க முடியாது என்று தொடங்கிய ஓர் இயக்கம், செழிப்பைக் கண்டால் கிருபை அங்கே இருக்கிறது என்று முடிவுகட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தது வருத்தத்துக்குரிய திரிபு. கோப்பையைத் தூக்கிய கையோடு கடவுளுக்கு நன்றி சொல்லும் வீரர்களின் பக்தியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த நன்றி, தோற்றவனைக் கடவுள் கைவிட்டார் என்ற பொருளையும் தன்னையறியாமல் சுமந்துவிடக்கூடும்.

மாற்றுவழியாக இரண்டு பழைய விடைகள் முன்வைக்கப்படுவதுண்டு. ரோமானிய அறிஞர் சிசரோவின் நூலொன்றில், ஸ்டோயிக் மெய்யியலாளரின் கருத்தாக ஒரு வில்லாளனின் உவமை வருகிறது. நேராக எய்வதற்கு வேண்டிய அனைத்தையும் செய்வதே வில்லாளனின் முடிவான நோக்கம். இலக்கில் அம்பு தைப்பது விரும்பத்தக்கதே எனினும், அதுவே நோக்கம் ஆகிவிடாது. அம்பு வில்லைவிட்டுப் போனபின் காற்றுக்கு அது சொந்தம். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயமும் செயலைப் பயனிலிருந்து பிரித்து, பயன்மேல் பற்றில்லாத வினையை உயர்த்துகிறது. திருக்குறள் ஒரு படி வேறுபட்டு நிற்பது இங்கே நினைவுகூரத்தக்கது: ஊழின் வலிமையை அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாக வைத்து ஒப்புக்கொண்ட அதே நூல், பொருட்பாலின் ஆள்வினையுடைமையில் அந்த ஊழையும் பின்வாங்கச் செய்யும் முயற்சியைப் பேசுகிறது, இரண்டையும் இணைத்துச் சமரசம் செய்ய அது முயலவில்லை.

ஸ்டோயிக் விடையும் கீதையின் விடையும் உயர்ந்தவை. எனினும் அவை மார்ட்டினின் வாழ்வைச் சரியாக விவரிப்பதாகக் கொள்ள முடியாது. பயனில் பற்றற்றவர் ஒவ்வொரு பிப்ரவரியிலும் புதிய அணியைக் கூட்டி, ஜூன் மாத ஒமாஹாவைக் குறியாக வைத்து, எழுபத்தைந்து வயதிலும் அதையே செய்துகொண்டிருக்க மாட்டார் என்று சொல்வதில் நியாயமுண்டு. அவர் அந்தக் கோப்பையை விரும்பினார், அதை அனைவரும் அறிந்திருந்தனர், அது அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அனைவரும் அறிந்திருந்தனர். ஆசையை அறுத்தபின் உழைப்பது ஒரு நெறி. ஆசையை அறுக்காமல், அது நிறைவேறாமல் போவதை ஆண்டுதோறும் ஏற்று, மறுபடி உழைப்பது இன்னொரு நெறி. பின்னதற்கு மெய்யியல் நூல்களில் போதிய இடம் தரப்படவில்லை.

அதற்கு இடம் தரும் நூல் உபாகமம். எகிப்திலிருந்து மக்களை நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் வழிநடத்திய மோசே, யோர்தானைக் கடந்து அந்த நல்ல நாட்டைப் பார்க்கத் தம்மை அனுமதிக்கும்படி கடவுளிடம் மன்றாடியதையும், இதைப்பற்றி இனிப் பேசவேண்டாம் என்று கடவுள் மறுத்துவிட்டதையும் அந்நூலின் மூன்றாம் அதிகாரத்தில் தாமே மக்களிடம் சொல்கிறார். அவர் ஆசையற்றவராகக் காட்டப்படவில்லை; கேட்டார், மறுக்கப்பட்டார், மறுக்கப்பட்டதை மறைக்காமல் எடுத்துரைத்தார், பின்னர் யோசுவாவைத் திடப்படுத்தினார். கடைசியில் நேபோ மலையுச்சியிலிருந்து கானானைக் கண்ணால் மட்டும் கண்டு இறந்தார். ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. மோசேக்கு மறுக்கப்பட்டதற்கு மேரிபாவின் தண்ணீர் தொடர்பான கீழ்ப்படியாமை என்ற காரணத்தை வேதம் கூறுகிறது. விளையாட்டின் தோல்விக்கு அப்படி ஒரு காரணமும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஒரு கோப்பை வாக்களிக்கப்பட்ட நாடும் அன்று. ஆயினும் மறுக்கப்பட்ட ஆசை ஒரு வாழ்வைப் பாழாக்கிவிடாது என்பதற்கும், அந்த ஆசையைப் பொய்யென்று தள்ளிவிடத் தேவையில்லை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மார்ட்டினுக்கு முன் வெற்றி எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த ஆகி கரீடோவின் வாழ்வை அருகில் வைத்தால் சிக்கலின் மறுபக்கம் தெரியும். 1939-இல் கலிஃபோர்னியாவின் வய்யேஹோ நகரில் பிறந்த கரீடோவும் மைனர் லீக்கில், கிளீவ்லண்ட் நிறுவனத்தின் அணிகளில், ஆறு பருவங்கள் ஆடியும் மேலே ஏற இயலாமல் பயிற்சிப் பணிக்கு வந்தவர். கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு என ஐந்து தேசியக் கோப்பைகளை வென்று, 1,975 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். ஜென் பௌத்தத்தின் சாயலில், நடந்து முடிந்த பந்தை மறந்து நடக்கும் பந்தில் மனத்தை இருத்துவதைப் பற்றிப் பேசுபவர் என அவர் பெயர் பெற்றிருந்தார். அவருடைய ஆட்டமுறையின் அடையாளம் பண்ட் எனப்படும் மென்தட்டல்.

அதன் ஒரு வகையைச் சற்று விரித்துக் கூறுவது பயனுள்ளது. முதல் தளத்தில் தோழன் ஒருவன் நிற்கும்போது மட்டையாளர் வீசி அடிக்காமல், மட்டையைக் கிடையாகப் பிடித்து, வரும் பந்தை மெத்தென்று தொட்டு முன்னால் விழவிடுகிறார். எதிரணியினர் ஓடிவந்து பந்தைப் பொறுக்கி முதல் தளத்துக்கு எறிவதற்குள் தோழன் இரண்டாம் தளம் சேர்ந்துவிடுகிறான். மட்டையாளர் ஆட்டமிழந்து தலைகுனியாமல் நடந்து திரும்புகிறார், அணியினர் இருக்கையிலிருந்து எழுந்து அவர் கையைத் தட்டுகிறார்கள். பேஸ்பாலின் அதிகாரப்பூர்வ விதி இதற்கு வைத்திருக்கும் பெயர் தியாகம். அதைவிடக் குறிப்பிடத்தக்கது, இப்படி ஆட்டமிழந்ததை மட்டையாளரின் சராசரியில் தோல்வியாகச் சேர்க்கக் கூடாது என்ற விதி. ஆட்டமிழப்பு நடந்தது உண்மை; அது இழப்பாக எழுதப்படவில்லை. பரிசில்லாத பயனைப் பதிவு செய்ய ஒரு கணக்கேடு இடம் ஒதுக்கியிருக்கிறதென்றால், வாழ்வை அளப்பவர்கள் அதைவிடக் குறுகிய கணக்கேட்டை வைத்திருப்பது சரியாகாது.

கரீடோ 2018 மார்ச் 15 அன்று இறந்தார். ஏழு வாரங்கள் கழித்து, மே 5 அன்று, கிளெம்சன் பல்கலைக்கழக அணிக்கு எதிராகப் பெற்ற வெற்றியால் மார்ட்டின் அவருடைய எண்ணிக்கையைக் கடந்தார். ஐந்து கோப்பைகள் உடையவர் ஒருவர், ஒன்றும் இல்லாதவர் ஒருவர். பற்றின்மையின் மொழியில் பேசியவருக்குப் பரிசு கிடைத்தது, கிருபையின் மொழியில் பேசியவருக்குக் கிடைக்கவில்லை. இதிலிருந்து எந்தச் சமயத்துக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ முடிவு எடுக்க முற்படுவது யோபுவின் நண்பர்கள் செய்த தவறைத் திரும்பச் செய்வதாகும். முடிவு எடுக்க வேண்டுமென்றால் இவர்களிடம் பயின்றவர்களை நோக்கித்தான் திரும்ப வேண்டும். மார்ட்டினிடம் இடைக்கள வீரராக வந்து சேர்ந்த பஸ்டர் போசி, அங்கே பந்துபிடிப்பாளராக மாற்றப்பட்டு, பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியுடன் 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளில் மேஜர் லீக்கின் உலகத் தொடரை வென்றார். விதைத்தவரின் வயலில் விளையாதது வேறொருவரின் களஞ்சியத்தில் சேர்ந்ததை அந்த விதைப்பின் பயன் அல்ல என்று எவரால் சொல்ல முடியும்?

2019-இல் தமது கடைசிப் பருவத்தில் மார்ட்டின் 2,000-ஆவது வெற்றியைப் பெற்றார். தேசியப் போட்டியில் இடம் கிடைக்குமா என்றே ஐயப்படத்தக்க நிலையில் இருந்த அந்த அணி, ஜார்ஜியாவிலும் லூசியானாவிலும் எதிரணிகளின் சொந்த மைதானங்களில் வென்று ஒமாஹாவை அடைந்தது. அங்கே ஆர்கன்சாவை 1-0 என வென்றது. மிச்சிகனிடம் 2-0 எனவும், டெக்ஸாஸ் டெக் அணியிடம் 4-1 எனவும் தோற்று வெளியேறியது. மூன்று ஆட்டங்களில் அந்த அணி எடுத்த மொத்த ஓட்டங்கள் இரண்டு. பின்னர், நினைவையும் அறிவையும் படிப்படியாகக் குலைக்கும் லூயி பாடி டிமென்ஷியா என்னும் நோயுடன் போராடி, 2024 பிப்ரவரி 1 அன்று, எண்பதாவது பிறந்தநாளுக்குப் பதினோரு நாட்கள் முன்பு மார்ட்டின் மறைந்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் அணி மீண்டும் ஒமாஹாவுக்குச் சென்றது. அதை வழிநடத்தியவர் லிங்க் ஜாரெட். 1990-களின் தொடக்கத்தில் மார்ட்டினின் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். வர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் வென்ற அவ்வணி, டென்னசியிடம் இரண்டு முறை தோற்று, கோப்பையின்றி டாலஹாசிக்குத் திரும்பியது.